பத்து மணி பதினொன்றான செவ்வாய்

அத்தியாயம் 6

கண்ணாடிப் பெட்டிக்குள் மாட்டிக்கொண்டு பதினோரு நிமிடம் ஆகியிருந்தது. அதற்குள் நான் மூன்று முறை செத்துப் பிழைத்திருந்தேன்.

பெட்டி என்று நான் சொல்வது, வினிபெக் நகரின் நடுவே ஒன்பதாவது மாடியில் இருக்கும் இஸ்ஃபெல்ட் பால வடிவமைப்பு அலுவலகத்தின் பார்வையாளர் வாசலை. லிஃப்டை ஒட்டி ஒரு கண்ணாடிக் கதவு. எட்டடி தள்ளி, அலுவலகத்துக்குள் போக இன்னொரு கண்ணாடிக் கதவு. நடுவில் நான், என் முதலாளி ஒடெட் மார்ஷாந்த், எங்கள் இருவரின் குளிர்கோட்டுகள், ஒரு பிளாஸ்டிக் செடி. கீழே இருந்த காவலாளி எங்களோடு மேலே வந்து, தன் அட்டையால் முதல் கதவைத் திறந்துவிட்டு, "வெளிய ஐஸ் உருகிச் சறுக்குது, திரும்பிப் போறப்ப பாத்துப் போங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் திரும்பிப் போவோம் என்று நம்பியவர் அவர் ஒருவர்தான்.

கதவு மூடிக்கொண்டது. எங்கள் பாஸை இரண்டாவது கதவில் காட்டினோம். சிவப்பு விளக்கு. திரும்பி வந்து முதல் கதவில் காட்டினோம். அங்கேயும் சிவப்பு.

"ரூடி, மூச்சு விடு" என்றார் ஒடெட்.

"விட்டுக்கிட்டுதான் இருக்கேன் மேடம். இந்தப் பெட்டியில இருக்கிற காத்துல பாதி நான் விட்டதுதான்."

என் பெயர் ரூடி ஃபேர். ஒன்பது வருடமாக ஒடெட்டின் உதவியாளன். கார் ஓட்டுவது, கதவைத் தட்டுவது, வேண்டாத இடத்தில் ஜோக் அடிப்பது என் இலாகா. மூளை அவருடைய இலாகா. ஒடெட்டுக்கு ஐம்பத்தெட்டு வயது, நரைத்த கிராப்பு, எதற்கும் பதறாத குரல். எனக்கு மூடிய இடம் ஆகாது. சின்ன வயதில் மாமா வீட்டு தானியக் கிடங்கில் ஒரு மத்தியானம் முழுக்க மாட்டிக்கொண்டவன் நான். அன்றிலிருந்து லிஃப்டில் ஏறினால்கூட மாடி எண்ணை உரக்க எண்ணிக்கொண்டுதான் போவேன். இப்போது எண்ணுவதற்கு மாடியும் இல்லை.

காவலாளிக்கு போன் செய்தோம்.

"பாஸ் செல்லலைன்னா நான் உள் கதவைத் திறக்கக் கூடாது மேடம், ஸாரி. வேணும்னா மேல வந்து உங்களை வெளிய கூட்டிட்டுப் போறேன். ஆனா இன்னைக்கு மறுபடி ஏத்திவிட முடியாது."

"கூட்டிட்டுப் போகட்டுமே மேடம்!" என்றேன் நான்.

ஒடெட் கண்ணாடிக்கு அப்பால் பார்த்தார். அங்கே, எங்களுக்குப் பன்னிரண்டடி தூரத்தில், வரவேற்பு மேசையில் மார்லீன் கோவல்சுக் உட்கார்ந்திருந்தார். எங்களை வேலைக்கு அமர்த்தியவர் அவர்தான். பத்தொன்பது வருடமாக அந்த மேசையில் இருக்கிறார். மூணே கால் மணிக்கு அவரை ஓர் அறைக்குக் கூப்பிட்டு ஒரு காகிதத்தை நீட்டப்போகிறார்கள். கையெழுத்துப் போட்டால் வேலை போகும், கெட்ட பெயர் மிஞ்சும். போடாவிட்டால் போலீஸ். அந்த அறையில் மார்லீன் பக்கம் பேச நாங்கள் இருவர்தான் உண்டு. நாங்களோ பிளாஸ்டிக் செடிக்குத் துணையாக நின்றுகொண்டிருந்தோம்.

"இருப்போம்" என்றார் ஒடெட்.

மார்லீன் மேசையிலிருந்தே எங்களுக்கு போன் செய்தார். கண்ணாடி தடிமன். வாய் அசைவது தெரிந்தது, குரல் போனில் வந்தது.

"மன்னிச்சிடுங்க. விசிட்டர் பாஸ் எல்லாம் எப்பவும் நான்தான் போடுவேன். இன்னைக்குக் காலையில என் லாகினைப் பிடுங்கிட்டாங்க. குழுத் தலைவர் பிரைஸே உங்க பாஸைப் போட்டிருக்கார். ரெண்டுல இருந்து நாலு மணி வரைக்கும். அவருக்குப் பழக்கம் இல்ல, எங்கயோ தப்பாயிடுச்சு."

"உங்க பாஸை வெச்சுத் திறக்க முடியாதா?" என்று கேட்டார் ஒடெட்.

"அதையும்தான் நிறுத்திட்டாங்க. நானும் உங்களை மாதிரிதான். டாய்லெட் போகணும்னாகூட யாராவது கதவைத் திறந்துவிடணும்." மார்லீன் சிரிக்க முயன்றார். வரவில்லை. "இதுல கொடுமை என்னன்னா, இந்தக் கதவையும் காலண்டரையும் சேர்த்து வெச்சதே நான்தான். காலண்டர்ல உங்களுக்கு எந்த நேரம் போட்டிருக்கோ, அந்த நேரத்துக்கு மட்டும்தான் உங்க பாஸுக்குக் கதவு திறக்கும். எல்லாரும் பாராட்டினாங்க."

வழக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நகரசபை ஆற்றின் மேல் ஒரு நடைபாலம் கட்ட வடிவமைப்புப் போட்டி வைத்தது. இஸ்ஃபெல்ட் அலுவலகத்தில் ஆறு பேர் குழு ஒன்று ஒன்பது மாதம் உழைத்தது. ஐந்து பேர் இங்கே வினிபெக்கில், டார்சி என்ற பெண் மட்டும் பக்கத்து மாகாணத்தில், ரெஜைனாவில். இவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் ஓய்வாக இருக்கும் ஒரு மணி நேரத்தைக் கண்டுபிடிப்பது காட்டு மாட்டைக் கட்டி மேய்க்கிற வேலை. அதற்காக மார்லீன் பொதுக் காலண்டர் ஒன்று அமைத்தார். யார் எப்போது ஓய்வு என்று எல்லோருக்கும் தெரியும். யார் வேண்டுமானாலும் கூட்டம் போடலாம். யார் போட்டாலும் அழைப்பு மார்லீன் பெயரில்தான் போகும்.

அங்கேதான் வினை. செவ்வாய்க்கிழமைதோறும் ஒரு கூட்டம் அந்தக் காலண்டரில் முளைத்தது. 'பொது ஆலோசனை', கடைசி அறை, ஒரு மணி நேரம். ஐந்து செவ்வாய் நடந்தது. அந்த ஒரு மணி நேரம் வரைபடங்கள் தொங்கும் சுவருக்குப் பக்கத்தில் ஈ, காக்கை கிடையாது. ஐந்தாவது செவ்வாய் முடிந்த அடுத்த திங்கள், எதிர்க் கம்பெனி ஒன்று அச்சு அசலாக அதே பாலத்தை நகரசபையிடம் நீட்டியது. அழைப்பில் யார் பெயர்? மார்லீன் பெயர்.

"அஞ்சு வாரம் உட்கார்ந்தாங்களே, அந்தக் கூட்டத்தை நடத்தினது யாரு?" என்று போனில் கேட்டேன்.

மார்லீன் தயங்கினார். "யாரும் நடத்தல."

"அப்ப என்னதான் பண்ணாங்க?"

"ஹாக்கி பத்திப் பேசினாங்க. பனி எப்ப உருகும்னு பேசினாங்க. டோநட் சாப்பிட்டாங்க. 'இதை யார் கூட்டினது'ன்னு கேட்டா கூட்டினவங்க மனசு கஷ்டப்படுமேன்னு யாரும் கேக்கல. கூட்டம் நல்லாப் போச்சுன்னு ரெண்டு பேர் எனக்கு நன்றி எழுதியிருந்தாங்க. நானும் யாரோ போட்டிருக்காங்கன்னு விட்டுட்டேன்."

ஒடெட் என்னைப் பார்த்தார். "சிரிக்காத. நீயும் இந்த ஊர்க்காரன்தான்."

சிரிக்கவில்லை. போன மாதம் தெரியாத ஒருவரின் கல்யாண நாள் விருந்தில், தப்பான மாடியில், யாரும் வருத்தப்படக் கூடாதே என்று கேக் சாப்பிட்டுவிட்டு வந்தவன் நான்.

இதற்கிடையே கண்ணாடிக்கு அப்பால் ஆட்கள் போய் வந்துகொண்டிருந்தார்கள். ஊழியர்களுக்கு வேறு வாசல் இருந்தது. இந்தக் கதவு பார்வையாளர்களுக்கு மட்டும். கதவைத் தட்டி, எங்கள் பாஸைத் தூக்கிக் காட்டினேன். ஒரு பெண் நின்றாள், நெஞ்சில் கை வைத்தாள், கதவில் ஒட்டியிருந்த பலகையைக் காட்டினாள். 'ஒரு பாஸுக்கு ஓர் ஆள். பிறருக்குத் திறந்துவிடாதீர்கள்.' பிறகு "ஸாரி" என்று உதட்டை அசைத்துவிட்டுப் போனாள். அடுத்து வந்தவர் "ஸாரி". அவருக்குப் பின்னால் வந்தவர் இரண்டு முறை "ஸாரி". ஒருவர் திரும்பி வந்து, முதலில் சொன்ன ஸாரி சரியாகக் கேட்டிருக்காது என்று இன்னொரு முறை சொல்லிவிட்டுப் போனார்.

"இவ்வளவு மரியாதையா என்னை யாரும் சாகடிச்சதில்ல மேடம்" என்றேன். என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. சுவரில் சிவப்பு நிறத்தில் ஒரு தீ எச்சரிக்கைப் பிடி இருந்தது. அதை இழுத்தால் எல்லாக் கதவும் திறக்கும் என்று எழுதியிருந்தது. நான் அதைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டே கால் மணிக்கு பிரைஸ் டோலெஃப்ஸன் வந்தார். ஆறு பேர் குழுவின் தலைவர். நாற்பது வயது, ஆறடி இரண்டு அங்குலம், கழுத்தில் பச்சை டை. நீலச் சட்டைக் கால்பந்துக் குழுவை வழிபடும் வினிபெக்கில், எதிரிக் குழுவின் பச்சையை அணிய ஒரு தைரியம் வேண்டும். அவர் மார்லீன் மேசையிலிருந்த போனை வாங்கிப் பேசினார்.

"அடடா, ரொம்ப ஸாரி! ரெண்டு மணின்னு நானே என் கையால டைப் பண்ணினேன். மெஷின் ஏதோ மக்கர் பண்ணுது. ஐடி ஆளுக்குச் சொல்லியிருக்கேன்."

"கதவைத் திறந்து விட்டுடுங்களேன்" என்றேன்.

"எனக்கு ஆசைதான். ஆனா ரூல்ல ஜனவரியில கையெழுத்துப் போட்டிருக்கேன். எங்க ஊரா இருந்தா எவனாவது கதவையே கழட்டி வெச்சிருப்பான்!" பெரிதாகச் சிரித்தார். "கிரெட்டாம்மா மூணு மணி வரைக்கும் போன்ல இருப்பாங்க. வந்ததும் சொல்றேன். காபி ஏதாவது வேணுமா?"

"எந்த வழியாக் குடுப்பீங்க?" என்றேன்.

அதற்கும் சிரித்தார். சிரிக்கிற ஆளைக் கோபித்துக்கொள்வது கஷ்டம். கிரெட்டா இஸ்ஃபெல்ட் அந்த அலுவலகத்தின் உரிமையாளர். எங்களை விசாரிக்க அனுமதித்தவர் அவர்தான். அவருடைய போன் கால் மணியாக 'பேசிக்கொண்டிருக்கிறார்' என்றே சொல்லிக்கொண்டிருந்தது.

பிரைஸ் போனதும் ஒடெட் மார்லீனிடம் கேட்டார். "ஆள் எப்படி?"

"நல்ல மனுஷன். நவம்பர்லதான் சேர்ந்தார். டோநட் வாங்கிட்டு வர்றது அவர்தான். செவ்வாய்க் கூட்டத்துக்கும் ஒரு பெட்டி வாங்கிட்டு வந்து வெச்சிட்டு, அஞ்சு நிமிஷம் இருந்துட்டு, வேற போன் கால் இருக்குன்னு போயிடுவார்."

"அந்த அஞ்சு கூட்டமும் காலண்டர்ல எப்படி இருந்ததுன்னு நான் பாக்கணும்."

"லாகின் இல்லையே... இருங்க." மார்லீனின் முகத்தில் முதல் முறையாக ஏதோ அசைந்தது. "ஒவ்வொரு திங்களும் அந்த வாரத்தைப் பிரிண்ட் எடுத்து என் பின்னால சுவத்துல ஒட்டுவேன். காலண்டர் கம்ப்யூட்டர்ல இருக்குறப்ப காகிதம் எதுக்குன்னு எல்லாரும் கிண்டல் பண்ணுவாங்க. பழசை எடுத்துப் போட மனசு வராது."

அவர் எழுந்து, சுவரிலிருந்து ஐந்து காகிதங்களை உரித்து வந்து, எங்கள் கண்ணாடியில் வரிசையாக ஒட்டினார். டேப் இரண்டு முறை கிழிந்தது. ஒடெட் மூக்கைக் கண்ணாடியில் வைத்து ஒவ்வொன்றாகப் படித்தார். நான் அவர் முதுகைப் படித்தேன். ஏதாவது கிடைத்தால் அந்த முதுகு நிமிரும்.

மூன்றாவது காகிதம். நான்காவது. ஐந்தாவதில் முதுகு நிமிர்ந்தது.

"ரூடி, முதல் நாலு செவ்வாய் எத்தனை மணிக்குக் கூட்டம்?"

"பத்து. பத்து. பத்து. பத்து."

"அஞ்சாவது?"

"பதினொண்ணு." நான் தோளைக் குலுக்கினேன். "யாரோ மாத்தியிருப்பாங்க."

"யாரும் மாத்தல" என்றார் மார்லீன் போனில். "மாத்தினா எனக்கு மெயில் வரும். வரல. அது தானா பதினொண்ணுக்கு வந்துச்சு. எல்லாரும் பதினொண்ணுக்குப் போனாங்க."

"இப்ப வியாழக்கிழமையைப் பாரு" என்றார் ஒடெட். "மார்லீன் போட்ட வாராந்திரக் கூட்டம். அஞ்சு வாரமும் ஒன்பது மணி. அசையவே இல்ல. நாலாவது செவ்வாய்க்கும் அஞ்சாவது செவ்வாய்க்கும் நடுவுல என்ன வந்துச்சு?"

ஐந்தாவது காகிதத்தின் தேதியைப் பார்த்தேன். மார்ச் மாதம், இரண்டாவது வாரம்.

"ஞாயித்துக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால தள்ளி வெச்சோம்" என்றேன். "நான் மறந்துட்டு சர்ச்சுக்குப் போனா, ஆளுங்க முடிச்சிட்டு சூப் குடிச்சிக்கிட்டு இருந்தாங்க."

"நாம தள்ளி வெச்சோம். தள்ளி வைக்காதவங்க யாரு?"

இதற்கு இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகூட பதில் சொல்லும். பக்கத்து சஸ்காச்சவன் மாகாணத்துக்காரர்கள் கடிகாரத்தைத் தொடுவதே இல்லை. குளிர்காலம் முழுக்க அவர்களுக்கும் எங்களுக்கும் ஒரே மணி. கோடை வெளிச்சத்தை மிச்சம் பிடிக்க மார்ச்சில் நாங்கள் முள்ளை ஒரு மணி நேரம் முன்னால் நகர்த்துவோம். அவர்கள் சும்மா இருப்பார்கள். அதன் பிறகு எங்களுக்குப் பதினொன்று என்றால் அவர்களுக்குப் பத்து. அது அவர்களுக்கு ஒரு பெருமை. மாடு மணி பார்த்தா பால் கறக்குது என்று கேட்பார்கள்.

"ஒவ்வொரு வாரமும் வர்ற கூட்டம், அதைப் போட்டவங்க கடிகாரத்தைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நடக்கும்" என்றார் ஒடெட். "மார்லீன் கடிகாரம் வினிபெக் கடிகாரம். அதனால அவங்க போட்ட கூட்டம் இங்க ஒன்பதுலயே நிக்குது. திருட்டுக் கூட்டத்தைப் போட்ட ஆளோட கம்ப்யூட்டர்ல ரெஜைனா கடிகாரம் ஓடுது. அங்க அது இன்னும் பத்து மணிதான். இங்க பதினொண்ணாத் தெரியுது. மார்லீன், இதை நீங்க போட்டிருக்கவே முடியாது."

மார்லீன் கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றார். அவர் மூச்சு பட்டுக் கண்ணாடியில் ஒரு வட்டம் மங்கியது.

"டார்சி!" என்று கத்தினேன். "ரெஜைனாவுல இருக்கிறது அவ ஒருத்திதான். கேஸ் முடிஞ்சுது. கதவைத் திறங்க!"

"டார்சி ரெஜைனாவுல இருக்கா. சுவர் இங்க இருக்கு. அஞ்சு செவ்வாயும் அவ முகம் கடைசி அறை ஸ்கிரீன்ல தெரிஞ்சுது. சரிதானே?"

"ஆமா" என்றார் மார்லீன். "டோநட் சாப்பிட முடியலையேன்னு புலம்புவா."

"ஐந்நூத்தி எழுபது கிலோமீட்டர் தள்ளி ஸ்கிரீன்ல உட்கார்ந்துக்கிட்டு இங்க சுவரைப் போட்டோ எடுக்க முடியாது. நமக்கு வேண்டிய ஆள் கடிகாரம் ரெஜைனாவுல, காலு வினிபெக்ல."

அப்படி ஒரு ஆளை யோசித்துப் பார்த்தேன். எனக்கு மூச்சு முட்டியதுதான் மிச்சம். இரண்டு ஐம்பது. இன்னும் இருபத்தைந்து நிமிடம்.

அந்த நேரம் பார்த்து பிரைஸ் திரும்பி வந்தார். இந்த முறை சிரிப்பு சின்னது. கண்ணாடியில் ஒட்டியிருந்த காகிதங்களை ஒரு நொடி பார்த்தார். பிறகு மார்லீன் தோளில் கை வைத்தார். போன் இன்னும் திறந்தே இருந்ததால் அவர் சொன்னது எங்களுக்குக் கேட்டது.

"மார்லீன், கிரெட்டா போன் சீக்கிரம் முடிஞ்சுது. எல்லாரும் ஓய்வாத்தான் இருக்கோம். மூணே கால் வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்? இப்பவே ஆரம்பிச்சு முடிச்சிடலாம். உங்களுக்கும் நிம்மதி."

"இவங்க..."

"ஐடி ஆள் வந்துக்கிட்டே இருக்கார். வந்ததும் இவங்களும் சேர்ந்துக்கட்டும்."

மார்லீன் எங்களைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வை இன்னும் என் நெஞ்சில் இருக்கிறது. ஒரு ஆள் தன் கையால் கட்டிய கூண்டுக்குள் தானே நடந்து போகிற பார்வை அது. போன் துண்டிக்கப்பட்டது. இருவரும் நீளமான நடைவழியில் திரும்பி மறைந்தார்கள்.

கிரெட்டாவின் போனை முயன்றோம். அணைத்து வைத்திருந்தார். தொண்டை கிழியக் கத்தினேன். ஒரு ஆள் எட்டிப் பார்த்து ஸாரி சொன்னார்.

"மேடம், நான் இழுக்கப் போறேன்." என் கை சிவப்புப் பிடியின் மேல் இருந்தது. எப்போது போனதென்று எனக்கே தெரியாது.

"இழுத்தா என்ன நடக்கும் சொல்லு."

"கதவு திறக்கும்! எனக்கு அது போதும்!"

"எல்லா மாடிக்கும் மணி அடிக்கும். எல்லாரும் ரோட்டுக்குப் போவாங்க. பொய் அலாரம் அடிச்சதுக்கு நம்மளைப் போலீஸ் தனியாக் கூட்டிட்டுப் போகும். மார்லீன் பனியில நின்னுக்கிட்டு, குளிர் தாங்காம அந்தக் காகிதத்துல கையெழுத்துப் போடுவாங்க. அந்த ஆளும் அதைத்தான் எதிர்பாக்கிறான்."

"எந்த ஆள்?"

"தெரியல" என்றார் ஒடெட். ஒன்பது வருடத்தில் அந்த வார்த்தையை அவர் வாயில் நான் கேட்டது அதுதான் இரண்டாவது முறை. அவர் குரலும் முதல் முறையாகக் கொஞ்சம் பதறியது.

பயமாக இருந்தது. மறைக்க ஒன்றுமில்லை, அழுகை வந்தது. கையைப் பிடியிலிருந்து எடுத்து, ஒவ்வொரு விரலாகக் கோட்டுப் பைக்குள் போட்டேன். இரண்டு ஐம்பத்தேழு. சும்மா இருக்க முடியாமல் பாஸைக் கதவில் காட்டினேன். சிவப்பு. ஐம்பத்தெட்டு. சிவப்பு. ஐம்பத்தொன்பது. சிவப்பு.

"நிறுத்து ரூடி."

"கடைசியா ஒரு தடவை."

டிங்.

பச்சை.

இருவரும் விளக்கைப் பார்த்தோம். கதவு பூனைக்குட்டி மாதிரி தானாக நகர்ந்தது. ஐடி ஆள் யாரும் வரவில்லை. யாரும் எதையும் தொடவில்லை. சுவர்க் கடிகாரத்தில் சரியாக மூன்று மணி.

நான் உள்ளே பாய்ந்தேன். ஒடெட் பாயவில்லை. அங்கேயே நின்று சிரித்தார்.

"மேடம், வாங்க! மறுபடி மூடிக்கப் போகுது!"

"மூடாது. அஞ்சு மணி வரைக்கும் திறக்கும்." கண்ணாடியிலிருந்து ஐந்து காகிதங்களையும் உரித்துக்கொண்டு வந்தார். "மெஷின் மக்கர் பண்ணலடா. சொன்ன வேலையைச் செஞ்சிருக்கு. ரெண்டு மணிக்குத் திறன்னு ஒருத்தர் தன் கையால டைப் பண்ணினார். அவர் கடிகாரத்துல இப்பத்தான் ரெண்டு மணி."

எனக்கு அந்தப் பச்சை டை கண்ணில் வந்து நின்றது. ரெஜைனாக் கால்பந்துக் குழுவின் பச்சை.

கடைசி அறையில் நீளமான மேசை. தலைப்பக்கத்தில் கிரெட்டா இஸ்ஃபெல்ட், வெள்ளை முடி, கல் முகம். பக்கத்தில் பிரைஸ். எதிரே மார்லீன், முன்னால் ஒரு காகிதம், கையில் பேனா. மூடி கழற்றியாகிவிட்டது.

"உள்ள வந்துட்டீங்களா! ஐடி ஆள் சரி பண்ணிட்டாரா?" என்றார் பிரைஸ்.

"ஒரே ஒரு கேள்வி" என்றார் ஒடெட், நின்றபடியே. "எங்க பாஸை யார் போட்டது?"

"நான்தான். ரெண்டுல இருந்து நாலு."

"மிஸஸ் இஸ்ஃபெல்ட், உங்க ஸ்கிரீன்ல அதைக் கொஞ்சம் எடுங்க."

கிரெட்டா தன் கணினியைத் தட்டினார். சுவர்த் திரையில் பொதுக் காலண்டர் விரிந்தது. 'பார்வையாளர்கள்: ஒடெட், ரூடி. மூன்று முதல் ஐந்து.'

"ரெண்டுன்னு டைப் பண்ணினா மூணுன்னு விழுது" என்றார் ஒடெட். ஐந்து காகிதங்களையும் மேசையில் பரப்பினார். "இதோ, பத்துன்னு டைப் பண்ணினது பதினொண்ணா விழுந்த செவ்வாய்க்கிழமை. அதே ஒரு மணி நேரம். குளிர்காலம் முழுக்க வித்தியாசம் தெரியல, ஏன்னா வித்தியாசமே இல்ல. மத்த நாள்ல இவருக்கு எல்லாத்தையும் மார்லீன்தான் போட்டுக் குடுப்பாங்க. அவங்களைப் பிடுங்கி வெளிய வெச்சதும் இவர் தன் கையால ஒரே ஒரு நேரம் போட்டார். அதுலயே மாட்டிக்கிட்டார்."

"டார்சியும் ரெஜைனாதான்!" என்றார் பிரைஸ். குரல் கொஞ்சம் வேகமாக வந்தது.

"நான் இன்னும் ரெஜைனான்னு சொல்லவே இல்லையே" என்றார் ஒடெட்.

அறையில் யாரும் மூச்சு விடவில்லை. அன்று முதல் முறையாக நான் மட்டும் நன்றாக மூச்சு விட்டேன்.

"பிரைஸ், உன் வாட்ச்சைக் காட்டு" என்றார் கிரெட்டா.

அவர் காட்டவில்லை. மேசைக்குக் கீழே கையை இழுத்துக்கொண்டார். நான் குனிந்து பார்த்தேன். அந்த வேலைக்குத்தானே எனக்குச் சம்பளம். வாட்ச்சில் மணி இரண்டு ஐந்து.

"ரெஜைனாவுல அந்தக் கம்பெனிக்காரங்க கிளை ஆரம்பிக்கிறாங்க" என்றார் பிரைஸ் கடைசியில், யாரையும் பார்க்காமல். "நான்தான் தலைவர்னு சொன்னாங்க. வீட்டுக்குப் போயிடலாம்னு நினைச்சேன். அவ்வளவுதான். இந்த ஊர்ல நவம்பர்ல இருந்து ஒரு நாள்கூட நான் நிம்மதியாத் தூங்கல."

"நான் ஒன்பது நாளாத் தூங்கல" என்றார் மார்லீன்.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் பிரைஸ் எழுந்துவிட்டார். "எனக்கு வேற போன் கால் இருக்கு" என்று பழக்கதோஷத்தில் சொல்லிக்கொண்டே வெளியே நடந்தார். நடை ஓட்டமாக மாறும் சத்தம் கேட்டது. ஊழியர் வாசலுக்கு ஐம்பது பேரைத் தாண்டிப் போக வேண்டும். பார்வையாளர் வாசல்தான் பக்கம்.

நான் துரத்தப் போனேன். கிரெட்டா கையை உயர்த்தி நிறுத்தினார். தன் கணினியை மேசையில் மார்லீன் பக்கம் திருப்பித் தள்ளினார்.

"பத்தொன்பது வருஷம்" என்றார். தொண்டையைச் செருமினார். "நான் கேட்டிருக்கணும். கேக்காம நம்பிட்டேன். உன் வேலையைப் பாரு மார்லீன்."

மார்லீன் பேனாவை மூடி வைத்தார். கணினியில் ஒரே ஒரு வரி தட்டினார்.

நாங்கள் வரவேற்பு மேசைக்கு வந்தபோது பிரைஸ் பெட்டிக்குள் இருந்தார். உள் கதவு அவர் போகும்போது திறந்திருக்கிறது. வெளிக் கதவுக்கு முன்னால் நின்று தன் அட்டையைக் காட்டிக்கொண்டிருந்தார். சிவப்பு. திரும்பி எங்கள் பக்கம் வந்து காட்டினார். சிவப்பு. அவருடைய பச்சை டைக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் செடி பொருத்தமாகத்தான் இருந்தது. அவர் கண்கள் சிவப்புப் பிடிக்குப் போயின. அதை இழுத்தால் எங்கே இறங்கிப் போவார், யார் கீழே காத்திருப்பார்கள் என்று அவரும் யோசித்திருக்க வேண்டும். கை கீழே விழுந்தது. எனக்கே ஒரு நிமிடம் அவர் மேல் பாவமாக இருந்தது. உள்ளே காற்று எவ்வளவு குறைவு என்று எனக்குத் தெரியும்.

பின்னால் கிரெட்டா போலீஸோடு போனில் பேசி முடித்தார். மார்லீன் கண்ணாடியருகே போய் நின்றார். பிரைஸ் உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்து ஏதோ கெஞ்சினார். மார்லீன் கதவில் ஒட்டியிருந்த பலகையை விரலால் காட்டினார்.

"ஸாரி, பிரைஸ்" என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி. "உங்களைப் பாக்க நாலு மணிக்கு ரெண்டு பேர் வர்றாங்க. காலண்டர்ல போட்டாச்சு. நாலுன்னா, இங்க நாலு."